நிலை: தெளிவில்லை

கிளாட்வின் மோத்தாவைக் கொன்றுவிட்டோம் என்று அவரைக் கடத்திய கூட்டம் காணொளி வெளியிட்டபோது நான் பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கே வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஊர் உலகத்துப் பத்திரிகையெல்லாம் என்னைத் தேடியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் ஆசிரியர் அறை மின்விசிறியை மாற்றக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஒரு மனிதன் செத்தானா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் இருந்தது.

அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எவர் முகத்தையும் எவர் குரலையும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, எதை நம்புவது என்று மனிதர்களைப் போலவே இயந்திரங்களுக்கும் தெரியாமல் போயிற்று. கடைசியில் அவை திறந்த கலைக்களஞ்சியத்தில் வந்து நின்றன. ஊர்பேர் தெரியாத ஆட்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து, வரிக்கு வரி சண்டை போட்டு எழுதுகிற இடம் அது. இவ்வளவு சண்டைக்குப் பிறகும் நிற்கிற வரி பொய்யாக இருக்காது என்று யாரோ ஒரு புத்திசாலி கணக்குப் போட்டிருக்கிறார். அதன்பின் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் வந்தது. பக்கத்தின் தலையில் 'நிலை' என்று ஒரு கட்டம். உயிருடன், காலமானார், பிணையில், தெளிவில்லை என்று அதில் நாலு சொல்தான் வரலாம். பிணையில் என்றால் கடத்தப்பட்டுப் பிணைக்கைதியாக இருப்பவர். வங்கியும் விமான நிலையக் கதவும் வீட்டுச் சுவரில் இருக்கிற பேச்சுப்பெட்டியும் ஒரு ஆளைப் பற்றி எதையும் செய்வதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கும்.

ஒருவருடைய கட்டத்தை அவருடைய தாய்மொழிக் களஞ்சியம்தான் மாற்றலாம். உள்ளூர் விவரம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும் என்கிற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. தமிழில் பிணைக்கைதிகள் பக்கங்களைப் பார்த்துக்கொள்ள நாங்கள் மூன்று பேர் இருந்தோம். உலகம்மை என்கிற நான். தென்காசியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் குத்தாலிங்கம். டொராண்டோவில் இருக்கும் தர்சினி, யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குத்தாலிங்கத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவரோடு போட்ட சண்டையில் பாதிகூட என் வீட்டுக்காரரோடு போட்டதில்லை.

எங்களுக்குச் சில வழக்கங்கள் உண்டு. கொலைக் காட்சியை இணைக்க மாட்டோம். கொன்றவர்களின் பெயரை முதல் பத்தியில் எழுத மாட்டோம், அவர்களுக்கு வேண்டியதே அதுதான். காணொளியை ஒருவர் தனியாகப் பார்ப்பதில்லை, இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்தாலும் போனில் பேசிக்கொண்டே பார்ப்பார்கள். குடும்பத்தார் தங்கள் ஆளின் பக்கத்தைத் தொடக்கூடாது. 'காலமானார்' என்று எழுத ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத இரண்டு சான்று வேண்டும். ஒருவர் காரணத்தோடு மறுப்புப் போட்டால் கட்டம் மாறாது, ஆனால் மறுத்தவரிடம் யாராவது கேள்வி கேட்டால் ஒரு நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மறுப்பு தானாக விழுந்துவிடும்.

கிளாட்வின் தூத்துக்குடிக்காரர். கடலடிக் கேபிள் பழுது பார்க்கும் கப்பலில் வேலை. ஏதோ ஒரு கரையோரம் கப்பல் பழுதாகி நின்றபோது ஆயுதக் கூட்டம் ஏறி அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவர் கட்டத்தில் 'பிணையில்' என்று இருந்தது. இப்போது காணொளி. நானும் குத்தாலிங்கமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தோம்.  முடிந்ததும் அவர், எழுதிவிடலாம் மேடம், இரண்டு பெரிய பத்திரிகை போட்டுவிட்டது என்றார்.

எனக்கு அந்த இரண்டு பத்திரிகை மேல் சந்தேகம் வந்தது. ஒன்றைத் தோண்டினேன், அது மற்றதைப் பார்த்து எழுதியிருந்தது. மற்றதைத் தோண்டினேன், அது ஆங்கிலக் களஞ்சியத்தின் கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தது. ஆங்கிலக் கட்டுரைக்கு என்ன சான்று என்று பார்த்தால் முதல் பத்திரிகை. வேலிக்கு ஓணான் சாட்சி. இதைப் படம் போட்டுக் காட்டி மறுப்புப் போட்டேன். உலகம் முழுவதும் இருந்து வசவு வந்தது. குத்தாலிங்கம் ஒரு முழு நாள் என்னோடு மல்லுக்கட்டிவிட்டு, நீங்கள் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் மனுஷன் சும்மா இருக்க மாட்டார், அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

கிளாட்வினின் மனைவி ஜெசிந்தா எனக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். 'நன்றி அக்கா, யார் சொன்னாலும் எழுதிராதீங்க.' அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைப்பு வந்துவிட்டால் எனக்கு அழுகை சுலபமாக வரும்.

அடுத்த வாரம் அவளே கல்லூரி வாசலில் வந்து நின்றாள். ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற பெண், சின்ன உருவம். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். என்னையும் கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள். மைதானத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தோம்.

"அக்கா, அவங்க செத்துட்டாங்கன்னு எழுதிருங்க."

மனம் வெறுத்துப்போய்ப் பேசுகிறாள் என்று நினைத்து, சான்று இல்லாமல் நம்பிக்கையை விடாதே என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோடதான்க்கா இருக்காங்க. அதான் எழுதச் சொல்லுதேன்."

விஷயம் இதுதான். கிளாட்வின் தப்பி ஓடிவிட்டார். காவல் இருந்த பையன்கள், தலைவனுக்குத் தெரிந்தால் தங்கள் தலை போய்விடும் என்று பயந்து, கொன்றுவிட்டோம் என்று ஒரு காணொளியைச் செய்து காட்டிவிட்டார்கள். தலைவனும் நம்பி அதையே உலகத்துக்கு வெளியிட்டான். கிளாட்வின் இப்போது ஒரு கருவாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறார். அந்தக் கரைக்குச் சரக்கு கொண்டுபோன ஒரு தூத்துக்குடித் தோணிக்காரர்தான் சேதி கொண்டுவந்தது. அடுத்த நடையில் ஏற்றிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். ஆனால் கொட்டகையிலிருந்து துறைமுகத்துக்கு வரும் வழி நெடுகக் கேமரா. 'பிணையில்' என்று கட்டம் உள்ள முகத்தை எந்தக் கேமரா கண்டாலும் ஊரையே கூப்பிட்டுவிடும். நல்லதுக்காக வைத்த ஏற்பாடு. அந்த ஊரில் அந்தச் சத்தம் முதலில் போவது போலீஸுக்கு, போலீஸிலிருந்து நேரே அந்தக் கூட்டத்துக்கு. தூதரகத்தில் சொன்னாலும் அதே வழியாகத்தான் போய்ச் சேரும் என்றாள்.

"செத்தவங்கள கேமரா பாக்காதுல்லா" என்றாள்.

பார்க்காது. அதற்கும் நாங்களே காரணம். ஒரு அம்மாளின் செத்துப்போன கணவரின் சாயலில் எவனோ நடந்து போக, கேமரா அவளுக்குச் சேதி அனுப்பி, அவள் சந்தை முழுக்கத் தேடி அலைந்தாள். இப்படிப் பல வீடுகளிலிருந்து புகார் வந்தபோது, 'காலமானார்' என்று இருந்தால் கேமரா அந்த முகத்தைத் தேட வேண்டாம் என்று விதி செய்தோம். அதற்கு நானும் கை தூக்கியிருக்கிறேன்.

 காரணம் சொல்லித்தான் கட்டத்தை மாற்ற முடியும், உண்மைக் காரணத்தைச் சொன்னால் அதைக் கூட்டத்தின் தலைவனும் படிப்பான். நாங்கள் வாதம் செய்கிற பேச்சுப்பக்கத்தில் எதுவும் ரகசியம் கிடையாது, அதுதான் எங்கள் பெருமையே. பொய்யை என் கையால் எழுதவும் மனம் ஒப்பவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் எதையும் எழுத வேண்டியதில்லை. என் மறுப்பை எடுத்துவிட்டால் போதும், மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். ஜெசிந்தாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதினேன். காரணம் கேட்கிற இடத்தில் 'மறுபரிசீலனை' என்று போட்டேன்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு மறுப்பையும் திரும்பப் பெற்றது கிடையாது. அது குத்தாலிங்கத்துக்குத் தெரியும். என் கணக்கை எவனோ திருடிவிட்டான், அல்லது என்னை மிரட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். மளமளவென்று தன் பெயரில் மறுப்புப் போட்டார். நான் வரைந்த படத்தையே போட்டு, நான் சொன்ன வாதத்தையே என்னைவிட அழகாகச் சொல்லியிருந்தார். என் பிள்ளையே என்னை அடித்தது போல இருந்தது.

போனில் சொல்ல பயம். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினேன். கடை ரத வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆள் நெட்டையாக, எரிச்சல் முகத்தோடு இருந்தார். உள்ளே இருந்தவர் குட்டையாக, சிரித்த முகத்தோடு, பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொல்லிவிட்டார். சுவரில் நான் வரைந்த படம். நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு போய்விட்டது.

"அப்போ பொய் எழுதச் சொல்லுதீங்க."

"எழுத வேண்டாம். மறுப்ப எடுத்துருங்க, போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். நாளைக்கு ஒருத்தன நெசமாவே கொன்னு போடுவான். அப்போ நாம எழுதினா எவன் நம்புவான்? இந்தக் கட்டத்துல இருக்கறதுதான் உண்மைன்னு நம்பி நாட்டுல எத்தன காரியம் நடக்கு."

 அவர் சொன்னது அவ்வளவும் சரி. கருவாட்டுக் கொட்டகையில் ஒரு மனுஷன் இருக்கிறான் என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அவர் ஒரு லென்ஸைத் துடைத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். ஒரு கிழவர் வந்து கண்ணாடி கேட்டார், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார். பிறகு, தர்சினிக்குச் சொல்லவா என்று கேட்டார். அங்கே சொல்ல வேண்டுமென்றால் போனில்தான் சொல்ல வேண்டும், தோணி கரை சேரட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

நான் கிளம்பும்போது சொன்னார், "நாளைக்குச் சாஸ்தா கோயில்ல எங்களுக்குக் கொடை. மலைமேல. அங்க டவர் கிடைக்காது, திரும்ப ரெண்டு நாளாகும்."

ஐப்பசி மாசம் கொட்டுகிற மழையில் எந்தச் சாஸ்தாவுக்குக் கொடைவிழா எடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

தர்சினி அவருடைய மறுப்பின் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தாள், பத்திரிகைகள் வட்டம் சுற்றினாலும் காணொளி தனிச் சான்றுதானே என்று, நியாயமான கேள்வி. ஒரு நாள் ஆயிற்று. பதில் வரவில்லை. மறுப்பு விழுந்தது. அவள்தான் கட்டத்தை மாற்றினாள். 'காலமானார்.' கட்டுரையையும் அவளே திருத்தி எழுதினாள். கொன்றவர்களைப் பற்றிக் கடைசிப் பத்தியில் ஒரே வரி. கேபிள் பழுது பார்ப்பதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர், கப்பலில் எல்லோருக்கும் மீன் குழம்பு வைத்துக் கொடுப்பார் என்பதெல்லாம் மேலே. முன்பின் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாள். அதைப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே கூப்பிட்டாள்.

தர்சினிக்கு ஒரு அண்ணன், யோகேஸ்வரன். போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவர் கட்டத்தில் எப்போதும் 'தெளிவில்லை' என்றுதான் இருக்கும். கூட இருந்து பார்த்தவர் ஒருவரின் வாக்குமூலமும், ஒரு விசாரணைக் குழுவின் பதிவும் எப்போதோ வந்துவிட்டன. இரண்டும் தொடர்பில்லாத சான்றுகள். ஆனாலும் காணாமல் போனவர்களின் கட்டத்தை வீட்டார் கேட்காமல் மாற்றுவதில்லை என்று எங்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. அவள் கேட்டதில்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எந்த ஊரில் எந்தக் கேமரா சாயல் கண்டு சேதி அனுப்பினாலும் அவள் விசாரிக்கக் கிளம்பிவிடுவாள் என்று மட்டும் தெரியும்.

"உலகு, அந்தப் பெடியன்ர கட்டத்தை மாத்தேக்க அண்ணான்ர நினைப்புத்தான் வந்தது. மாத்தினாப் பிறகு பாரம் இறங்கின மாதிரிக் கிடக்கு. அந்தப் பிள்ளை ஜெசிந்தாவுக்கு ஒரு முடிவு குடுத்திட்டம். எனக்கும் ஒண்டு வேணும். அண்ணான்ரையையும் மாத்துவம். நான் எழுதக் கூடாதெல்லோ, நீங்கள் எழுதுங்கோ."

தோணி இன்னும் நடுக்கடலில் இருந்தது. ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவளுடைய அண்ணன் விஷயத்தில் சான்று சரியாகத்தானே இருக்கிறது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். யோகேஸ்வரனின் கட்டத்தில் 'காலமானார்' என்று எழுதினேன். அவள் அங்கே கோயிலில் அந்தியேட்டி என்கிற இறுதிச் சடங்கு செய்வித்து, மாலை போட்ட படத்தை எனக்கு அனுப்பினாள். பதினெட்டு வயசுப் பையன், பள்ளிக்கூடச் சட்டையில், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். அவரை எடுத்த படம் அது ஒன்றுதான் மிச்சம் என்றாள்.

கிளாட்வின் வந்து சேர்ந்தார். கேமராக்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் நடந்திருக்கிறார். நான் அவர் வீட்டுக்குப் போனபோது எலும்பும் தோலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புழுக்கம். மின்விசிறியைப் போடு என்று சுவரில் இருந்த பேச்சுப்பெட்டியிடம் சொன்னார். இந்தக் குரலுக்கு உரியவர் காலமானார் என்று பெட்டி மரியாதையாகச் சொன்னது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே எழுந்து போய்ச் சொல்லி விசிறியைப் போட்டாள். சிரிக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, எனக்கும்தான். ஒரு மனுஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

அவரை மறுபடியும் உயிருடன் ஆக்க வேண்டும். இப்போது சான்றுக்குப் பஞ்சமில்லை, அரசு மருத்துவர் தந்தது ஒன்று, மாவட்ட நிர்வாகம் தந்தது இன்னொன்று. ஆனால் 'காலமானார்' என்று எழுதியவரே கையெழுத்திட்டுத்தான் அதைத் திரும்ப மாற்ற முடியும். தர்சினியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். 

"குத்தாலிங்கத்துக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"சரி" என்றாள். கட்டத்தை உடனே மாற்றினாள். 'உயிருடன்.' கீழே 'ஆறுதலான செய்தி' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"உலகு, அண்ணான்ர கட்டத்தைப் பழையபடி மாத்திவிடுங்கோ."

அவர் விஷயம் வேறு, சான்றுகள் உறுதியானவை, நானே சரிபார்த்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"உயிரோட இருந்த ஒருத்தரைச் செத்தவர் எண்டு மூண்டு பேரும் சேர்ந்துதானே எழுதினனாங்கள். அதுக்கும் ரெண்டு சான்று காட்டினதுதானே" என்றாள்.  "இந்தக் கிழமை அவர் எங்கையாவது ஒரு கேமராவுக்கு முன்னால நடந்து போயிருந்தால்? செத்தவர் எண்டு அது பாக்காமல் விட்டிருக்குமெல்லோ."

அந்தியேட்டி செய்துவிட்டாயே என்று கேட்க வாய் வரவில்லை. செய்ததற்கு ஐயரிடம் பரிகாரம் கேட்டிருக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

இரண்டு சான்று உள்ள பக்கத்தில் கட்டத்தைப் பின்னுக்கு மாற்றினால் யாராவது மறுப்புப் போடலாம். போடக்கூடிய ஆள் ஒருவர்தான். நான் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டு, இப்படிச் செய்யப்போகிறேன், விதிப்படி இது தப்பு என்றேன். 

"எனக்கு நாளைக்குக் கோயில் கொடை மேடம்" என்றார்.

யோகேஸ்வரனின் கட்டத்தில் 'தெளிவில்லை' என்று எழுதினேன். காரணம் கேட்கிற இடத்தில் 'வீட்டார் கேட்டுக்கொண்டபடி' என்று போட்டேன். உயிரோடு இருந்தால் இப்போது அவருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும். அன்று மதியத்திலிருந்து எல்லா ஊர்க் கேமராக்களும் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பையனின் முகத்தை மறுபடியும் தேட ஆரம்பித்தன.